மூலை வெட்டாத உறை

ஒருவர் இறந்துவிட்டார் என்பதை அந்தக் காலத்தில் நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டி என்ற பெண் என்னிடம் கேட்டாள். பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள். போன வாரம் இணையத்தில் யாரோ ஒரு பழைய அமெரிக்க நடிகரைச் சாகடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் அஞ்சலி எழுதிக் குவித்த பிறகு, அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் நாயோடு நின்று படம் எடுத்து வெளியிட்டார். கேட்டியும் அஞ்சலிக்குப் படம் கொடுத்தவர்களில் ஒருத்தி. வெட்கம் தாங்காமல்தான் எனக்கு ஃபோன் செய்திருந்தாள்.

அவளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். இரண்டு பேர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வித்தை எதுவும் இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்த விதி என் தங்கை வசந்தியின் வாழ்க்கைக்குள் புகுந்து என்ன செய்தது என்பதைக் கேட்டியிடம் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

லண்டனில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் படக் காப்பகத்தில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க வந்தவன் நான். பரீட்சையில் குண்டடித்துத் தோற்று, பிஸ்கட் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் குளிரில் நின்று, கடைசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரியுமா, தூசி ஒத்துக்கொள்ளுமா என்று இரண்டு கேள்விதான் கேட்டார்கள். நிலத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை. சுவரெல்லாம் இரும்பு அலுமாரி. அலுமாரி முழுக்க மனிதர்கள்.

அவர்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். உலகப் போர் முடிந்த பிறகு அந்த நாடு உற்பத்தி செய்து அனுப்பிய முகங்கள்: குதிரையில் வந்த கதாநாயகர்கள், பொன்முடி நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், விண்வெளிக்குப் போய் வந்தவர்கள், தொலைக்காட்சியில் அழுது அழுது பணம் சேர்த்த போதகர்கள், தலைமயிரை முன்னால் குவித்து வாரிய பாடகர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தடித்த பழுப்பு உறை. பெயர் பெற்றவர்களுக்கு ஐந்தாறு உறைகள். படங்களை வயது வாரியாக அடுக்குவோம். அமெரிக்கப் பிரபலங்களுக்கு மூன்று வயதுதான் உண்டு என்பது அங்கே நான் கண்டுகொண்டது. முதலில் ஸ்டூடியோ வெளிச்சத்தில் பல் தெரியும் வயது. பிறகு சூதாட்ட விடுதி மேடையில் வயிறு தெரியும் வயது. கடைசியில் சக்கர நாற்காலியில் விருது வாங்கும் வயது. இடையில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்குப் படம் கிடையாது.

இறந்தவர்களுக்குத் தனி அலுமாரி இல்லை. எல்லோரும் ஒரே அகரவரிசைதான். ஆள் போனதும் அவருடைய உறையின் வலது மேல் மூலையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிடுவோம். வரிசையாக நிற்கும் உறைகளின் மேல் பெருவிரலை ஓட்டினால் போதும், எது பள்ளமாகத் தட்டுகிறதோ அது செத்த ஆள். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நான் சேர்ந்த நாளில் விரல் வழுக்கிக்கொண்டு போன அலுமாரிகள், கடைசி வருடங்களில் வரம்பு வெட்டிய வயல் மாதிரி ஆகிவிட்டன.

அந்தக் கத்தரிக்கோல் மிஸ் பார்லோவின் கையில் இருந்தது. எங்கள் தலைவி. மெலிந்த உடம்பு, கோடையிலும் கம்பளிச் சட்டை. கத்தரிக்கோலை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். வேறு யாரும் மூலை வெட்டக் கூடாது. செய்தி வந்ததும் மேலே இருந்து ஆட்கள் படிகளில் தடதடவென்று இறங்கி வருவார்கள். மிஸ் பார்லோ முதலில் தேத்தண்ணிக் கேத்திலின் சுவிட்சைத் தட்டுவார். தண்ணீர் கொதிக்கும் வரையில் அந்த ஆளைப் பற்றி "உடம்பு சரியில்லை" என்றுதான் சொல்வார். யார் சொன்னது என்று கேட்பார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்பார். ஒரே வாயிலிருந்து புறப்பட்ட செய்தி பத்துப் பேர் வழியாக வந்தாலும் அவர் கணக்கில் அது ஒன்றுதான். வேறொரு வாய் வேண்டும். அதன் பிறகே நாடா கழுத்திலிருந்து கழலும்.

படம் தெரிவு செய்வதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எண்பது வயதில் இறந்தவருக்கு எண்பது வயதுப் படம் போட விடமாட்டார்.

"வாசகர் இன்றைக்கு இழந்தது இந்தக் கிழவரை இல்லை" என்பார். "அவர்களுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது சுவரில் ஒட்டி வைத்த ஆளைத்தான்."

நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் வெஸ் ஹாலிடன் என்ற பாடகருடையது. இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் பருத்தித் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, குழைந்த குரலில் பாடி, ஒரு காலத்தில் கொழும்பு வானொலி வரைக்கும் வந்தவர். நெற்றிக்கு மேல் ஒரு சாண் மயிர்க் குவியல், தூக்கிவிட்ட காலர். யாழ்ப்பாணத்தில் அந்தக் குவியலைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவர்களில் முதல் ஆள் என் மச்சான் ராசன், வசந்தியின் புருஷன். கலியாணத்துக்கு முன்பே ஒரு ஸ்டூடியோவில் கம்பி இல்லாத கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, காலரைத் தூக்கிவிட்டு, ஹாலிடனாகவே நின்று ஒரு படம் எடுத்திருந்தார். தலை வழுக்கை விழத் தொடங்கிய பிறகும் சேர்ட் பொக்கற்றில் சீப்பு இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. பாரிஸில் இருந்த காலத்திலும், பிறகு லண்டன் செவன் கிங்ஸுக்கு வந்து டேக்அவே சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்ற காலத்திலும், அந்தச் சீப்பை வைத்து நாங்கள் பண்ணாத பகிடி இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் ஹாலிடன் போய்விட்டார் என்று செய்தி நிறுவனம் ஒன்றிலிருந்து தகவல் வந்தது. செய்தி ஆசிரியர் தானே இறங்கி வந்தார். பக்கம் தயாராக வேண்டும், மற்றப் பத்திரிகை முந்திவிடும் என்று கத்தினார். மிஸ் பார்லோ கேத்திலைத் தட்டினார். சொன்னவர், ஹாலிடன் கடைசியாகப் பாடிய விடுதியின் மேலாளர். "அது ஒன்று" என்றார். இன்னொரு நிறுவனமும் அதே செய்தியை அனுப்பியது. அவர்களுக்கும் அதே மேலாளர்தான் சொல்லியிருந்தார். "அதுவும் அதே ஒன்றுதான்" என்றார் மிஸ் பார்லோ. செய்தி ஆசிரியர் சுவரைக் குத்தினார்.

ஹாலிடனின் பழைய படம் ஒன்றின் பின்னால் பென்சிலால் ஒரு தொலைபேசி எண் கிறுக்கியிருந்தது எனக்கு நினைவிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மிஸ் பார்லோ சுழற்றினார். அங்கே காலை நேரம். நெடுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"திரு ஹாலிடன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார் மிஸ் பார்லோ.

பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. குழைவு போய்விட்டது, ஆனால் அதே குரல்.

"முழங்கால் வலி. மற்றப்படி குறை இல்லை. நீங்கள் யார், அம்மா?"

"லண்டனிலிருந்து ஒரு ரசிகை" என்று சொல்லி வைத்துவிட்டார் மிஸ் பார்லோ. பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. மற்றப் பத்திரிகை அடுத்த நாள் ஹாலிடனை முழுப் பக்கத்தில் அடக்கம் செய்தது.

அப்போது ராசன் கிளிநொச்சியில் இருந்தார். இலங்கையில் போர்நிறுத்தம் நடந்த சமாதான காலம். லண்டன் அவருக்கு எப்போதும் ஒட்டவில்லை. ஊருக்குப் போய் வாகனம் ஓட்டப் பழக்கும் ஒரு பள்ளி தொடங்கி, வழிக்குக் கொண்டுவந்து விட்டுத் திரும்புகிறேன் என்று போயிருந்தார். நான் ஃபோனில் ஹாலிடன் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப என்ர விஷயத்திலயும் ரெண்டு பேர் சொன்னால்தான் நம்போணும், மச்சான்" என்றார். "ஒருத்தன் சொன்னான் எண்டு உடன படத்துக்கு மாலை போட்டிடாதையுங்கோ."

"உங்கட தலைமயிருக்கு எப்பவோ மாலை போட்டாச்சு" என்றேன். பக்கத்தில் வசந்தி சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு சமாதானம் முறிந்து, கிளிநொச்சிக்குப் போகும் பாதை மூடியது. சண்டை தொடங்கியது. ராசனால் வெளியே வர ஏலவில்லை. மிஸ் பார்லோ ஓய்வு பெற்றுப் போகும்போது நாடாவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். சீக்கிரமே எங்கள் படங்களை எல்லாம் கணினிக்குள் ஏற்றத் தொடங்கினார்கள். உறைகளை ஒவ்வொன்றாக லொறியில் எங்கோ கிடங்குக்கு அனுப்பினார்கள். காலியான அலுமாரிகளுக்கு நடுவே இருந்துகொண்டு, வன்னியில் எந்த ஊர் விழுந்தது என்று நான் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர் முடிந்த வருடத்தின் தொடக்கத்தில் ராசனின் ஃபோன் நின்றது. கடைசியாகப் பேசியபோது தர்மபுரத்தைத் தாண்டிவிட்டோம், சனத்தோடு சனமாகப் போகிறோம் என்றார். அதே காலத்தில்தான் வெஸ் ஹாலிடன் உண்மையாகவே இறந்தார். செய்தி நிறுவனம் சொன்னது ஒன்று, குடும்பத்தின் வழக்கறிஞர் சொன்னது இன்னொன்று. தேத்தண்ணி ஆறுவதற்குள் இரண்டும் வந்துவிட்டன. இன்னும் கிடங்குக்குப் போகாமல் இருந்த அவர் உறையின் மூலையை வெட்டினேன். மேசையில் அவர் படங்களைப் பரப்பினேன். முதல் படத்தில் காலரைத் தூக்கிவிட்டு, மயிரைக் குவித்து, ராசனே நின்றார். பருத்தித் தோட்டத்துக் கிழவர் ஒருவர் மெத்தையில் படுத்து இறந்ததை உலகமே இரண்டு வாயால் உறுதி செய்கிறது. எங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

அன்று ஒரு புது உறையை எடுத்து, ராசனின் பெயரையும் பிறந்த வருடத்தையும் எழுதி, அந்த ஸ்டூடியோப் படத்தை உள்ளே வைத்து வசந்தியிடம் கொடுத்தேன். காணாமல் போனவர்களைத் தேடும் நிறுவனத்துக்குப் பிரதி கொடுக்கத் தேவைப்படும் என்றேன். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலை வெட்டும் கதை அவளுக்குத் தெரியும்.

வைகாசி முடியும்போது வவுனியா அகதி முகாமிலிருந்து குணம் என்று ஒருவர் வசந்திக்கு ஃபோன் எடுத்தார். ராசன் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில் இருந்தவர். ஷெல் விழுந்ததாம். ராசன் விழுந்ததைக் கண்டாராம். பிறகு சனம் ஓட, தானும் ஓடினாராம். அன்றே நான் செவன் கிங்ஸில் வசந்தி வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். என் மனைவி பவானி வசந்தியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"விழுந்ததைத்தான் கண்டவர். செத்ததைக் காணேல்லை" என்றேன் நான்.

கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஃபோன் மேல் ஃபோன் வந்தது. எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். உங்களுக்கு யார் சொன்னது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தோண்டிப் பார்த்தால் எல்லாம் அதே குணம்தான். "அதுவும் அதே ஒன்றுதான்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன். வசந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அப்ப நான் பொட்டை அழிக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை. ரெண்டாவது ஆள் சொல்லட்டும்."

அவள் மகள் தாரணிக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியிருந்தது. லண்டனிலேயே டூட்டிங்கில் இருக்கும் மாப்பிள்ளை. மண்டபத்துக்கும் முன்பணம் கட்டியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எல்லோர் தொண்டையிலும் நின்றது. வசந்தி மணவறைக்கு வந்து ஆலாத்தி எடுப்பாளா, இல்லாவிட்டால் புருஷனை இழந்த மற்றப் பெண்கள் மாதிரி ஒதுங்கிப் பின் வரிசையில் இருப்பாளா? தாரணி ஒரே பிடியாக நின்றாள்.

"அம்மா ஸ்டேஜில நிக்காட்டில் எனக்கு வெடிங்கே வேண்டாம், மாமா. சீரியஸ்லி."

கலியாணக் கார்ட் அடிப்பவர் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவர்தான் அந்தக் கேள்வியை முதலில் வாய்விட்டுக் கேட்டார்.

"ஐயா, பொம்பிளையின்ர தேப்பன் பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ, விடுறதோ? இண்டைக்கு ப்ரூஃப் முடிக்கோணும்."

"விடு" என்றேன்.

"நாளைக்கு ஏதும் தெரிஞ்சால்..."

"தெரிஞ்சால் அப்ப பாப்பம். இப்ப ஒருத்தர்தான் சொல்லியிருக்கிறார்."

பவானிக்கு அது பிடிக்கவில்லை. ஊர் வாய் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா, செத்த மனுசனுக்கு உயிர் கொடுத்துக் கார்ட் அடித்தார்கள் என்று சிரிப்பார்கள் என்றாள். உள்ளதைச் சொன்னால், எனக்கு ஊரைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு எண்ணைச் சுழற்ற, நெடுநேரம் மணி அடித்து, ராசனே எடுத்து, முழங்கால் வலி, மற்றப்படி குறை இல்லை மச்சான் என்று சொல்வார் என்று நான் நம்பினேன். ஹாலிடன் எடுக்கவில்லையா? அப்படித்தான் என் புத்தி ஓடியது. வசந்தியிடம் கார்டைக் காட்டினேன். தகப்பன் பெயர் இருந்த வரியை மட்டும் வாசித்தாள்.

"அண்ணை சொன்னால் சரி" என்றாள்.

ஆனி பிறந்த பிறகு அவளிடம் ஒரு மாற்றம் வந்தது. ஏதும் செய்தி உண்டோ என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். தேடும் நிறுவனத்துக்கு நான் எடுத்த ஃபோன்களைப் பற்றியும் விசாரிப்பதில்லை. ஒரு நாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் ரயில் ஏறி சவுத்எண்ட் கடற்கரைக்குப் போய் வந்திருந்தாள். செருப்பில் மணல் இருந்தது. கேட்டால், வீட்டுக்குள் மூச்சு முட்டியது என்றாள். அடுத்த கிழமை ஈஸ்ட் ஹாம் சேலைக் கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் எடுத்து வந்தாள். நெற்றிப் பொட்டு முன்பைவிடப் பெரிதாக இருந்தது. வசந்திக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று பவானியிடம் சொன்னேன்.

கலியாணம் நன்றாகவே நடந்தது. தகப்பன் இடத்தில் நானும் பவானியும் இருந்து தாரை வார்த்தோம். வாசல் மேசையில் ராசனின் ஸ்டூடியோப் படம். யாரோ உறவுக்காரர் நல்லெண்ணத்தில் அதற்கு ஒரு மாலை கொண்டுவந்தார். வசந்தி அதை வாங்கி மெதுவாகப் பக்கத்தில் இருந்த பிள்ளையார் சிலைக்குப் போட்டுவிட்டாள். ஆலாத்தி எடுக்க அவள் தட்டோடு மணவறை ஏறியபோது மண்டபத்தில் பேச்சு நின்றது. கிழவிகள் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். அவள் மகளையும் மருமகனையும் மட்டும் பார்த்து, தட்டைச் சுற்றி, இருவருக்கும் பொட்டு வைத்தாள். தாரணிதான் அழுதாள்.

கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்து தாரணியும் மாப்பிள்ளையும் டூட்டிங்குக்குப் போன மறுநாள் வசந்தி எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. வரேக்க உங்கட கத்தரிக்கோலையும் கொண்டு வாங்கோ."

கலியாணச் சோடனை கழற்றத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, மிஸ் பார்லோ தந்ததையே கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அதை எதற்குக் கேட்டாள் என்று கதவு திறந்தபோதுதான் விளங்கியது. அவள் வெள்ளைச் சேலை எதுவும் கட்டியிருக்கவில்லை. வழக்கமான வீட்டுச் சட்டைதான். நெற்றியில் பொட்டு இல்லை.

மேசையில் சடங்குக்கு வந்த பலகாரத் தட்டுகள் அப்படியே இருந்தன. நடுவே ராசனின் உறை.

"ரெண்டாவது ஆள் சொல்லிப்போட்டார், அண்ணை."

"எப்ப?"

"ஆனியில."

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"அவரைப் புதைக்கக் கிடங்கு வெட்டின ஆள். முகாமிலயிருந்து தப்பி வந்து இந்தியாவிலயிருந்து ஃபோன் எடுத்தவர். குணத்தை அவருக்குத் தெரியாது. நான் திருப்பித் திருப்பிக் கேட்டனான், நீங்கள் கேக்கிற மாதிரியே. சேர்ட் பொக்கற்றுக்குள்ள சீப்பு இருந்ததாம். அதையும் வைச்சுத்தான் மூடினவையாம்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வெட்டிப்போடுவியள். எனக்குத் தெரியும் தானே உங்களை." உறையை என் பக்கம் தள்ளினாள். "என்ர பிள்ளைக்கு நான் ஆலாத்தி எடுக்கோணும் எண்டு நினைச்சன். எடுத்திட்டன். இப்ப வெட்டுங்கோ."

நான் மாட்டேன் என்றேன். நீயே வைத்திரு, அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏதேதோ சொன்னேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றினேன். வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டினேன். எத்தனையோ அமெரிக்கர்களுக்கு வெட்டிய கையால் அன்று ஒரே வெட்டில் வெட்ட முடியவில்லை.

வசந்தி உறையை வாங்கி, வெட்டிய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.